பாத்ரூம் கைப்பிடிக் கம்பி, ஊன்றுகோல்: பனகல் ரோட்டில் வாங்கி வீட்டில் மாட்டிய அனுபவம்

அவசரத்தில் இருக்கிறவர்களுக்காக விலையையும் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 18 அங்குல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடிக் கம்பி 750 ரூபாய், 12 அங்குலம் 550. உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற அலுமினிய ஊன்றுகோல் 450. வெஸ்டர்ன் கக்கூஸ் மேல் வைக்கிற 2 அங்குல உயர்த்தி 1,200. எல்லாமே கொடுத்த காசுக்குக் குறையில்லாத சாமான்தான். சுவரில் அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற சக்சன் கைப்பிடியை மட்டும் யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வயசானவர்கள் இருக்கிற வீட்டில் மாட்டிவிடாதீர்கள்.

நான் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 71. திருநகரில் பழைய கட்டடம். வீட்டம்மாவுக்கு 67, வலது முட்டியில் தேய்மானம், பிரஷருக்கு மாத்திரை. உசிலம்பட்டியில் இருக்கிற எங்கள் மதினி ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேருகிற கழுத்துப் பகுதியில் முறிந்து, பெரிய ஆபரேஷனாகிவிட்டது. அதற்கு முன்னால் தனியாகச் சந்தைக்குப் போய்வந்த மனுஷி. இன்றைக்கு வாசல்வரை வர ஒரு ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் மட்டும் உலகம் முழுக்க வருஷத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் சாகிறார்கள். அதில் 60 தாண்டியவர்கள்தான் அதிகம். இருந்தும் நம்ம பக்கம் பூஜை அறைக்குக் கிரானைட் போடுகிறவர்கள்கூடப் பாத்ரூமில் ஒரு கம்பி போடுவதில்லை. விழுந்து எழுந்த பிறகுதான் கம்பி தேடி அலைகிறோம். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கடை மதுரை பனகல் ரோட்டில், ராஜாஜி ஆஸ்பத்திரிப் பக்கம். அங்கே சர்ஜிக்கல் கடைகள் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைத்துவிடும். மகன் பெங்களூரிலிருந்து "ஆன்லைன்ல போட்டுவிடுறேன்ப்பா, வீட்டுக்கே வந்துரும்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். ஊன்றுகோல், உயர்த்தி மாதிரிச் சாமான்களைப் பிடித்துப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, அதுவும் யாருக்கு வேண்டுமோ அவர்களையே கூட்டிப்போய்த்தான் வாங்க வேண்டும்.

கடையிலிருந்த தம்பி, ஆள் எப்படி நடந்து வருகிறார் என்று பார்த்த பிறகுதான் சாமானில் கை வைத்தார். "அம்மா, செருப்பைக் கழட்டாதீங்க, போட்டுக்கிட்டே நேரா நில்லுங்க. கையைத் தொங்க விடுங்க" என்றார். ஊன்றுகோலைப் பக்கத்தில் நிறுத்தி, எந்தத் துளையில் வைத்தால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வருகிறது என்று பார்த்து அந்தத் துளையில் பொத்தானை விட்டார். அந்த உயரத்தில் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும், ஊன்றும்போது பலம் இறங்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் குறுக்கு வளைந்து கூன் விழும். அப்புறம் கேட்டார், "எந்த முட்டிம்மா வலிக்குது?"

"வலது."

"அப்ப இடது கையில பிடிங்க."

வீட்டம்மா நம்பவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தம்பி சொன்னதுதான் சரி. நாம் நடக்கும்போது வலது கால் முன்னால் போனால் இடது கை தானாக முன்னால் வரும். வலது காலில் எடை இறங்குகிற அதே நேரம் இடது பக்கம் கோலும் ஊன்றியிருந்தால் எடை இரண்டு பக்கமும் பிரியும், முட்டிக்குப் பாரம் குறையும். வலிக்கிற பக்கமே கோலைப் பிடித்தால் உடம்பு மொத்தமும் அந்தப் பக்கமே சாயும். ரோட்டில் பாருங்கள், பாதிப் பேர் மாற்றித்தான் பிடித்திருக்கிறார்கள். படிக்கட்டுக்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் கோலும் முதலில். கடைக்குள்ளேயே நடக்கவைத்து, திரும்பவைத்துப் பார்த்த பிறகுதான் பில் போட்டார்.

நாலு கால் ஊன்றுகோலையும் எடுத்துக் காட்டினார். கையை விட்டாலும் தானாக நிற்கும் என்பது அதில் வசதி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலவீனமானவர்களுக்கு அதுதான் தோது. ஆனால் நாலு காலும் தரையில் பதிந்தால்தான் அது பிடிமானம். எங்கள் தெருவில் பேவர் கல் ஒன்று மேடு, ஒன்று பள்ளம். படியில் வைத்தால் இரண்டு கால் வெளியே நிற்கும். வெளியே நடக்கிறவர்களுக்கு ஒற்றைக் கோல் போதும். விலை கூடினதை அவர் எங்கள் தலையில் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி கம்பி. இது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் காந்தத்தை ஒட்டிக்காட்டி, "பாருங்க, ஒட்டலை, ஒரிஜினல் எஸ்.எஸ்." என்பார்கள். எஸ்.எஸ்.ஸில் நல்ல ரகமான 304-லும் காந்தம் ஒட்டாது, மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. அதனால் அந்தப் பரிசோதனை 304 தானா என்பதைச் சொல்லாது. 202-ல் நிக்கல் குறைச்சல், அதற்குப் பதில் மாங்கனீசு போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீர் படுகிற இடத்தில் 202 சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், முக்கியமாக வெல்டிங் வைத்த இடத்தில். 304 என்று அச்சுப் போட்டிருக்கிற கம்பியாகக் கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். கம்பியின் கனம் ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்தால் வயசான கைக்கு நன்றாகப் பிடிபடும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் இடைவெளி போதும். அதற்கு மேல் போனால், வழுக்குகிற நேரம் முன்கை அந்தச் சந்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பளபளவென்று பாலிஷ் போட்டதைவிட, சொரசொரப்பாக வரி போட்டது சோப்புக் கைக்கு நல்லது.

எந்த உயரத்தில் மாட்டுவது? அமெரிக்காவில் பொது இடத்துக் கழிப்பறைகளுக்கு 33-லிருந்து 36 அங்குலம் என்று விதி வைத்திருக்கிறார்கள். இங்கே பிளம்பரைக் கேட்டால் "மூணடியில போட்டுர்றேன்ணே" என்பார். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் வீட்டம்மா ஐந்தடிக்கும் குறைவு. அதனால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், அவளைக் கக்கூஸில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்திருக்கும்போது கை தானாகச் சுவரில் எங்கே போய்ப் படுகிறதோ அங்கே ஒரு கோடு. குளிக்கிற இடத்தில் குனிந்து மக்கை எடுக்கும்போது ஒரு கோடு. வாசல் திட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்கும்போது ஒரு கோடு. வேறு வேறு நேரத்தில் இப்படிச் செய்யவைத்துப் பார்த்தேன், அந்தந்த இடத்துக் கோடெல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே கூடி விழுந்தது. கக்கூஸ் பக்கம் 28 அங்குலத்தில்தான் அவள் கை போனது. எட்டு அங்குலம் மேலே மாட்டியிருந்தால் எழும்போது தோளில் தொங்கித்தான் எழ வேண்டும். பொது இடத்துக்கு ஒரு அளவு வேண்டியதுதான். வீட்டுக்கு, வீட்டில் இருக்கிறவர் கைதான் அளவு.

அடுத்தது ஸ்க்ரூ. கம்பியோடு பெட்டியில் வருகிற ஸ்க்ரூ ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். டைல்ஸ் 8 மில்லிமீட்டர், அதற்குப் பின்னால் கலவையும் பூச்சும் சேர்ந்து 20-க்குக் குறையாது. கழித்துப் பாருங்கள், செங்கல்லுக்குள் 10 மில்லிமீட்டர்தான் போகும். அது கம்பியின் எடையைத் தாங்கும், விழுகிற ஆளைத் தாங்காது. பெட்டி ஸ்க்ரூவை ஒதுக்கிவிட்டு ஹார்டுவேர் கடையில் 3 அங்குல எஸ்.எஸ். ஸ்க்ரூவும் அதற்கேற்ற 10 எம்.எம். ராவல் பிளக்கும் (ஸ்க்ரூ இறுகத் துளைக்குள் வைக்கிற பிளாஸ்டிக் குழல்) வாங்கினேன். சில்லறைக் காசுதான்.

துளை போடுகிறபோது டைல்ஸ் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டால் பிட் வழுக்காது. டைல்ஸ் தாண்டுகிறவரை டிரில்லின் ஹேமர் மோடைப் போடாதீர்கள், போட்டால் டைல்ஸ் விரிசல் விடும். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். கொடகொடவென்று சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை என்று அர்த்தம், அங்கே கம்பி வைக்கக்கூடாது. குழாய்க்கு நேர் மேலே, நேர் பக்கவாட்டில் துளை போடாதீர்கள், பைப் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் இவ்வளவுதான் வேலை. எங்கள் வீட்டில் குளிக்கிற பக்கம் நாலரை அங்குலச் சுவர், அந்தப் பக்கம் சமையற்கட்டு. அதில் ஸ்க்ரூவை நம்பாமல் சுவர் முழுக்கத் துளைத்து, மறுபக்கம்வரை போகிற போல்ட் போட்டு, சமையற்கட்டுப் பக்கம் இரும்பு பிளேட் வைத்து நட்டு முறுக்கினேன். பிளேட் மசாலா டப்பா அடுக்குக்குப் பின்னால் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கடைசியாகத் துளையைச் சுற்றி சிலிக்கான் வைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. மாட்டியதும் என் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அமெரிக்க விதி 113 கிலோ தாங்க வேண்டும் என்கிறது, நான் 70 கிலோ. அதனால் பக்கத்து வீட்டுப் பையனையும் கூடச் சேர்ந்து இழுக்கச் சொன்னேன்.

பிளம்பரை வைத்து மாட்டுகிறவர்கள் அவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எந்தச் சுவர், எத்தனை அங்குல ஸ்க்ரூ. தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சக்சன் கைப்பிடியை ஏன் அவ்வளவு வேண்டாம் என்கிறேன் தெரியுமா? மகன் ஒரு ஆன்லைன் தளத்தில் அதையும் ஒரு ஜோடி வாங்கி அனுப்பியிருந்தான். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நன்றாகத்தான் நின்றது. சுவரில் விட்டுவைத்துத் தினமும் இழுத்துப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் தரையில் கிடந்தது. டைல்ஸ் இணைப்புக் கோட்டில் ஒரு நூல் அளவு பட்டாலும் காற்று உள்ளே போய்விடும். சோப்புப் படலமும் உப்புத் தண்ணீர்க் கறையும் போதும், பிடி விட்டுவிடும். எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது, பிடிக்கிறவருக்கோ அது நிற்கும் என்று நம்பிக்கை. கம்பியே இல்லாத சுவரில் ஆள் சூதானமாகவாவது இருப்பார்.

இதே ஆபத்து துண்டு போடுகிற கம்பியிலும் உண்டு. தடுமாறும்போது கை முதலில் அதைத்தான் தேடும். அது இத்துனூண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. எங்கள் வீட்டில் அதைக் கழற்றிக் கதவுக்கு வெளியே மாட்டிவிட்டேன். புதுக் கைப்பிடிக் கம்பியில் துண்டு காயப்போடக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு, ஈரத்துணி கிடந்தால் கை பிடிக்காது.

கக்கூஸ் உயர்த்தி வாங்கும்போது டேப்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எங்கள் கக்கூஸ் உயரம் 16 அங்குலம். கடையில் அதே உயரத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது, அதன் மேல் உயர்த்தியை வைத்து வீட்டம்மாவை உட்காரச் சொன்னோம். 4 அங்குலத்தில் குதிகால் தரையில் படவில்லை. கால் தொங்கினால் எழும்போது முன்னால் சறுக்கிவிடும். 2 அங்குலத்தில் பாதம் முழுக்கப் பதிந்தது, முட்டியும் முன்னளவு மடங்கவில்லை. பக்கவாட்டில் திருகி இறுக்குகிற கிளாம்ப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சும்மா மேலே உட்கார்கிற மாதிரி ஒன்று 700 ரூபாய்க்குக் காட்டினார்கள், ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் அது நகர்கிறது.

வழுக்காத மேட் சுமார்தான். அடியில் குமிழ் குமிழாக இருக்கிற ரப்பர் மேட் வழவழப்பான தரையில்தான் ஒட்டும், எங்கள் சொரசொரப்பு டைல்ஸில் ஒட்டவில்லை. அடியில் பாசி பிடிக்கிறது, வாரம் ஒரு தடவை தூக்கித் தேய்த்தாக வேண்டும். அதைவிட ஆபத்து பாத்ரூமுக்கு வெளியே போட்டிருக்கிற துணிக் கால்மிதி. ஈரக்காலோடு மிதித்தால் பளபள டைல்ஸ் மேல் அதுவே சறுக்கிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் பூசியதை மட்டும் போடுங்கள்.

காசே ஆகாத வேலை ஒன்று. நிறைய வீட்டில் பாத்ரூம் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தால் வெளியிலிருந்து தள்ள முடியாது. மதினி விஷயத்தில் அதுதான் நடந்தது, கதவை உடைக்கவே நேரம் போய்விட்டது. நான் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்துவிட்டேன். அது முடியாதவர்கள் உள்தாழ்ப்பாள் போடாமல், ஆள் இருக்கிறார் என்று தெரிய வாசலில் ஒரு துண்டைத் தொங்கவிடலாம்.

வீட்டம்மா முதலில் ஒப்பவே இல்லை. "என்னங்க, வீட்டுக்கு வர்றவங்க பார்த்தா என்னா நினைப்பாங்க, நான் என்ன நடக்கமாட்டாம கிடக்கேனா?" என்றாள். நான் வாதம் பண்ணவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லி முதலில் நான் பிடிக்க ஆரம்பித்தேன். அது உண்மையும்கூட. இப்போது பேரன் வந்தால் அவனும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறான், அப்பத்தா மாதிரி.

ஆனால் கம்பி விழாமல் பிடிக்கும், காலுக்குப் பலம் தராது. கடைத் தம்பியே அதையும் சொன்னார். கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய அட்டவணையில், 65-லிருந்து 69 வயதுப் பெண்கள் 11-க்குக் கீழே போனால் விழுகிற ஆபத்து கூடுதல், அந்த வயது ஆண்களுக்கு 12. வீட்டம்மாவுக்கு ஆரம்பத்தில் கை ஊன்றாமல் எழவே வரவில்லை. தினமும் காப்பி குடித்ததும் நாற்காலியைச் சுவரோரம் ஒட்டிப்போட்டுச் செய்கிறாள், இப்போது 11-ஐ எட்டிப் பிடித்துவிட்டாள். வெள்ளன எழுந்து திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் கோலோடு நடக்கிறோம். 65 தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடை மாதிரி மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், தடுமாறாமல் நிற்கிற பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடை மட்டும் போதாது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

பிசியோதெரபிக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிற திட்டம், பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். மதினிக்கு அப்படித்தான் வந்து நடக்கப் பழக்கினார்கள். முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. விழுந்து அடிபட்டால் அதற்குக் கூப்பிடாதீர்கள், 108 தான்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ராத்திரி படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது. எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து, கெண்டைக்காலை ஆட்டிவிட்டு எழட்டும். அடிக்கடி சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் பார்ப்பார். கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை கணுக்கால் உயரத்தில் சின்ன சார்ஜ் விளக்கு வைத்திருக்கிறேன், கரண்ட் போனாலும் எரியும்.

ஊன்றுகோல் வாங்கும்போதே அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ் இரண்டு தனியாக வாங்கிவிடுங்கள், ஒன்று 40 ரூபாய். அடியிலுள்ள வரிகள் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். ஈரத்தரையில் தேய்ந்த புஷ்ஷோடு ஊன்றுவதும் கோலே இல்லாமல் போவதும் ஒன்றுதான்.

கடையைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலத்துக்குக் குறையாது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. முட்டி வலிக்கிறவர்களும் ஆபரேஷன் ஆனவர்களும்தான் அங்கே வருகிறார்கள். வீட்டம்மாவை நானும் கடைப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் ஏற்றினோம். முதலாளியிடம் சொன்னேன். "கட்டட ஓனர் விடமாட்டேங்கிறாருண்ணே" என்றார். ஓனர் சம்மதித்தால் கூலி வேண்டாம், டிரில்லை எடுத்துக்கொண்டு நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவரைக்கும் அங்கே போகிறவர்கள் வயசானவர்களோடு இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.